வவ்வால்கள் தரப்பில் ஓர் ஆட்சேபணை

கர்த்தருக்குள் அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் என் மனைவியும் மகளும் ஆண்டவர் கிருபையால் சுகமே இருக்கிறோம். அங்கே தங்கள் மூட்டுவலியும் சம்பந்தியம்மா அவர்களின் கோபமும் தணிந்திருக்கும் என்று ஜெபிக்கிறேன். இரண்டில் எது முதலில் தணிந்தாலும் தயவுசெய்து உடனே தெரியப்படுத்தவும்.

தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா, சம்மன் என்பதா என்று தெரியவில்லை. ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மேலிடத்திலிருந்து வந்த எத்தனையோ விளக்கக் கேட்புகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் இப்படியொரு கேட்பு எந்த மேலிடத்திலிருந்தும் வந்ததில்லை. ‘ஞாயிறு ஆராதனையில் தங்கள் மகளின் திருமண அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது ஓர் ஆண்மகன் எழுந்து நின்று ஆட்சேபித்ததாக அறிகிறோம். அவர் யார், அவருக்கும் தங்கள் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு, மேற்கொண்டு அவர் சொன்னதாக எங்கள் காதில் விழுந்த விஷயத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது, பதில் வரும்வரை அழைப்பிதழ் அச்சடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று தாங்கள் எழுதியிருந்ததை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, “பதில் நீங்களே எழுதுங்க. வரவழைச்சது நீங்கதானே” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஐயா, நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஓர் ஆண்மகன் எழுந்தது உண்மை. ஆட்சேபித்தது உண்மை. அவருக்குப் பெரிய மீசை இருந்ததும், குரல் கணீரென்று கடைசி வரிசை வரை கேட்டதும் உண்மை. ஆனால் அவர் என் மகளை அதற்கு முன்னால் கண்ணால் கண்டதில்லை. அவர் வனத்துறை அலுவலர். மனைவி மக்களோடு வாழ்கிற கண்ணியமான மனிதர். அவர் ஆட்சேபித்தது வவ்வால்கள் சார்பாக. தங்கள் கைகூசிய விஷயமும் முழுக்க முழுக்க வவ்வால்களைப் பற்றியது. இது என்ன கூத்து என்று தாங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆலயத்தின் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பலகை உளுத்து, ஓடு சரிந்து, ஓர் ஆள் தாராளமாகத் தலையை நீட்டிப் பார்க்கிற அளவுக்கு. அது சரியாகப் பிரசங்க பீடத்துக்கு மேலே இருப்பதுதான் வேதனை. மழை பெய்தால் போதகர் ஐயா முதலில் இடப்பக்கம் நகர்ந்து நின்று பிரசங்கித்தார், பிறகு வலப்பக்கம் நகர்ந்தார், கடைசியில் எந்தப் பக்கம் நின்றாலும் அவருடைய வழுக்கையில் நேராக ஒரு சொட்டு விழுந்து, ‘ஆகையால் பிரியமானவர்களே’ என்ற இடத்திலேயே பேச்சு நின்றுபோகும். பிரசங்கம் சுருங்கியதில் சபையாருக்கு அப்படியொன்றும் வருத்தமில்லை என்றாலும், கூரை மொத்தமும் தலையில் இறங்கிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தலைமைச் சபை அலுவலகத்துக்கு எழுதினோம். ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு பெய்த மழை முன்னதைவிடப் பலமாக இருந்தது.

அப்போதுதான், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சபைச் செயலாளர் பொறுப்பு தலையில் கட்டப்பட்டிருந்த என்னிடம், ஓர் உதவி நிறுவனம் பல நாடுகளில் திருச்சபைகளோடு சேர்ந்து வேலை செய்கிறது, அவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். எழுதினேன். உடனே ஒரு திட்ட அலுவலர் அம்மா வந்தார். இளம் வயது, நல்ல சிரிப்பு, தோளில் தொங்கும் பை, எங்கே பார்த்தாலும் புகைப்படம். நான் கூரையைக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“கட்டடத்துக்கு நாங்க உதவி பண்றதில்லை சார். இயற்கை, உயிரினங்கள், அது மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், “எங்க கோயில்ல வவ்வால் நிறைய இருக்கு மேடம்” என்று வாயைக் கொடுத்தேன். சம்பந்தி, அன்று நான் கொட்டாவி விட்டிருந்தால்கூட இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது. “எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார். “எண்ணினதில்லை மேடம். ஞாயித்துக்கிழமை வர்ற சபையாரைவிட அதிகமா இருக்கும். காணிக்கைதான் போடறதில்லை” என்றேன். நகைச்சுவைக்குச் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார். அதே வாரம் எங்கள் சபையில் ‘படைப்புப் பாதுகாப்புக் குழு’ என்று ஒன்று பிறந்தது. அதுவரை நீளத் துடைப்பத்தால் வவ்வால்களை விரட்டிக்கொண்டிருந்த நான் அதன் செயலாளர் ஆனேன். வவ்வாலும் ஆண்டவரின் படைப்பே என்று போதகர் ஐயா ஓட்டைக்குக் கீழே நின்றுகொண்டே ஒரு நல்ல பிரசங்கம் செய்தார். அன்றைக்கு மழை இல்லை.

விண்ணப்பம் எழுதும் வேலை என்னுடையது. இங்கே என் புத்திசாலித்தனத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கூரை என்று வருகிற இடமெல்லாம் ‘வாழிடம்’ என்று மாற்றினேன். கூரைப் பழுதுபார்ப்பு, ‘வாழிடச் சீரமைப்பு’ ஆயிற்று. அந்த அம்மா படித்துவிட்டு, “உங்களுக்கு ரொம்ப ஆழமான புரிதல் இருக்கு சார்” என்றார். நான் அடக்கமாகத் தலையைச் சொறிந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் மட்டும், “கூரைக்குக் கூரைன்னே கேட்டிருக்கலாமே” என்றாள். வெளியுலகம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் போன கையோடு வனத்துறை வந்து நின்றது. காட்டுயிர்கள் அனைத்தும் அரசாங்கத்துக்கு உரியவை, அரசாங்கத்துக்குத் தெரியாமல் அதன் வவ்வால்களை வைத்து யாரும் திட்டம் போடக் கூடாது என்றார் மேற்படி மீசைக்கார அலுவலர். எங்கள் கூரையில் தங்குவதால் அவை எங்கள் சபையைச் சேர்ந்தவை என்றார் போதகர் ஐயா. அவை உலகத்துக்கே பொதுவானவை என்றார் அந்த அம்மா. வவ்வால்களை யாரும் கேட்கவில்லை. கடைசியில் மூன்று தரப்பும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போடுவது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்த அம்மா எங்களை ‘பங்காளிகள்’ என்றே அழைக்கிறார். பங்காளி என்றால் என்னவென்று நம் குடும்பங்களில் நமக்குத் தெரியும்; வாய்க்கால் வழக்கு இல்லாமல் பங்காளி கிடையாது. எங்களுக்கு முதல் வழக்கு பெயர்ப்பலகையில் வந்தது. யார் சின்னம் முதலில், யார் சின்னம் பெரிது என்று பேசிப் பேசிக் கடைசியில் மூன்று சின்னங்களும் ஒரே அளவில் வரும்படி ஒரு பலகை செய்து ஆலய வாசலில் நட்டார்கள். அது எவ்வளவு பெரிய பலகை என்றால், தெருவில் போகிறவர்களுக்கு இப்போது பலகை தெரிகிறது, ஆலயம் தெரிவதில்லை.

பிறகு பயிற்சிப் பட்டறை. சபையார் அனைவருக்கும் தொப்பி கொடுத்து, ஆலய மண்டபத்தில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வண்ண அட்டையும் கொடுத்து, ‘இந்த இடத்தைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதை ஒரே வார்த்தையில் எழுதுங்கள்’ என்றார் அந்த அம்மா. பல் மருத்துவர் எழுதினார், தையற்கடைக்காரர் எழுதினார், பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள். எல்லா அட்டையையும் சுவரில் ஒட்டிப் பார்த்தால் அத்தனையிலும் ‘கூரை’ என்றே இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை, விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மா அந்தச் சுவரைப் பார்த்துக் கண் கலங்கினார். வவ்வால்களின் வாழிடத்தின்மேல் உள்ளூர் மக்களுக்கு இருக்கும் பற்று தம்மை நெகிழ வைத்துவிட்டதாக அறிக்கையில் எழுதினார்.

அதற்கடுத்து நிபுணர் வந்தார். ஏணி போட்டு ஏறி, ஓட்டைக்குள் தலையை விட்டு, வெகுநேரம் இறங்கவே இல்லை. நானும் போதகர் ஐயாவும் ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, எத்தனை ஓடு வேண்டும், எத்தனை பலகை வேண்டும் என்று சொல்லப்போகிறார் என்று அண்ணாந்து காத்திருந்தோம். அவர் முகமெல்லாம் தூசியோடு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அருமையான வாசல் சார் இது. இப்படி இயற்கையா அமையறது ரொம்ப அபூர்வம். இதை யாரும் தொடவே கூடாது.”

போதகர் ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. “அடைக்கறதுக்குத்தானே ஐயா உதவி கேட்டோம்” என்றார் மெல்ல. “அடைச்சா வவ்வால் எப்படி ஐயா வரும்?” என்று கேட்டார் நிபுணர். ‘வாழிடச் சீரமைப்பு’ என்றால் வாழிடத்தை இருக்கிற நிலையிலேயே காப்பாற்றுவது என்று அப்போதுதான் எங்களுக்கு விளக்கப்பட்டது. ஓட்டைக்குக் கீழே ‘பாதுகாக்கப்பட்ட நுழைவழி’ என்று ஒரு சிறு பலகையும் வந்தது. முன்பு அந்த ஓட்டைக்கு நாதியில்லை. இப்போது அதற்கு ஒரு திருச்சபை, ஓர் உதவி நிறுவனம், ஓர் அரசாங்கம் ஆகிய மூன்றின் பாதுகாப்பு இருக்கிறது. அடியில் வாளி வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் சத்தம் வராத பிளாஸ்டிக் வாளி.

இவ்வளவும் நடந்தும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு செயலாளராகவே இருந்தேன். பாடகர் குழுவுக்குக் கட்டுப்பாடு வந்தபோதுதான் வீட்டுக்குள் புயல் வீசியது. உச்சக் குரலில் பாடினால் வவ்வால்களின் காதுக்கு ஆகாதாம், ஆகவே பெண்கள் பிரிவு தாழ்ந்த குரலில் பாட வேண்டும் என்று துறை கேட்டுக்கொண்டது. பாடகர் குழுவை நடத்துவது என் மனைவி. “நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இங்கதான் பாடறேன். ஒரு வவ்வாலும் இதுவரைக்கும் குறை சொல்லல. காப்பாத்த வந்தவங்கதான் குறை சொல்றாங்க” என்று அவள் தாளிப்புக் கரண்டியோடு வந்து நின்றபோது, செயலாளர் என்ற முறையில் துறையின் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனை நடக்கும்போது வவ்வால்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்காக வனத்துறை அலுவலர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மா. அலுவலர் அதற்கு முன் எந்த ஆலயத்திலும் ஆராதனைக்கு உட்கார்ந்தவரில்லை. எல்லோரும் எழும்போது தாமதமாக எழுந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டு, மரியாதையாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் போதகர் ஐயா என் மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்தார். எனக்கு அப்படியே நெஞ்சு விம்மியது, சம்பந்தி. பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழக்கம்போல, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்றும் போதகர் ஐயா வாசித்தார். அது ஒரு சடங்குக்குக் கேட்பது. கேட்டுவிட்டு மூச்சுவிடும் நேரம்கூடக் கொடுக்காமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். எங்கள் சபை தோன்றிய காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

ஆனால் வனத்துறையில் அப்படி இல்லை. அங்கே அணை கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் மண்டபத்தில் மக்களைக் கூட்டி ஆட்சேபணை கேட்பார்கள். கேட்ட இடத்தில் துறை வாயை மூடிக்கொண்டு இருந்தால், பின்னால் ஏதாவது ஆகும்போது, அன்றைக்கு நீ ஏன் சும்மா இருந்தாய் என்று மேலதிகாரி இவர் தலையைத்தான் உருட்டுவார். அந்தப் பயத்திலேயே வேலை பார்த்து வந்த மனிதர், இதுவும் அப்படியொரு கூட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“இருக்குங்க ஐயா. ஆட்சேபணை இருக்கு.”

ஆலயம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. போதகர் ஐயாவுக்கு அந்தத் தாளில் அதற்கு மேல் வாசிக்க எதுவும் எழுதியிருக்கவில்லை. “என்ன... என்ன ஆட்சேபணை?” என்று கேட்டார்.

“இப்ப இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுங்க. ஏற்கெனவே கர்ப்பமா இருக்கு.”

தங்கள் மைத்துனி அன்று எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தார், வலப்பக்கம் நாலாவது வரிசையில். இந்த வாக்கியம் முடிந்த கையோடு அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார். அவர் இன்னும் சற்றே, ஒரு தும்மல் போடும் நேரம், உட்கார்ந்திருந்தால் அடுத்த வாக்கியத்தையும் கேட்டிருப்பார். “எல்லாத் தாய் வவ்வாலும் இப்ப சினையா தொங்குது. இந்த நேரத்துல மேளம், வெளிச்சம், கூட்டம்னு வந்தா குட்டி கீழ விழுந்துடும்” என்றார் அலுவலர். அந்த அம்மா வேறு எழுந்து அதை வழிமொழிந்தார். ஐயா, தெளிவுக்காக மறுபடியும் எழுதுகிறேன். கர்ப்பமாக இருப்பவை வவ்வால்கள். வேண்டுமானால் துறையிடம் சான்றிதழ் வாங்கி இத்துடன் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

என் மகள் பாடகர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கர்த்தரே இந்தப் பிள்ளைக்கு என்னால் என்ன கேடு வந்தது என்று அழுதேன். அழுததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன்.

ஆட்சேபணையை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள், முடிந்தது கதை என்று தாங்கள் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். சபை விதிப்படி, ஆராதனையில் எழுந்த ஆட்சேபணை நீங்கும்வரை போதகர் ஐயா திருமணம் நடத்தக் கூடாது. துறை விதிப்படி, அலுவலர் ஒருமுறை பதிவுசெய்த ஆட்சேபணையை அவரே நீக்கக் கூடாது; மேலதிகாரி வந்து, குட்டிகளெல்லாம் பறக்கப் பழகிவிட்டனவா என்று பார்த்து, பிறகுதான் நீக்க முடியும். அதற்குள் மாப்பிள்ளையின் விடுமுறை முடிந்து, அவர் வேலை பார்க்கும் கப்பல் கிளம்பிவிடும், மறுபடி கரைக்கு வர எத்தனை காலம் ஆகுமோ. அலுவலர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு என் வீட்டுக்கே வந்தார். “உங்க வழக்கம் தெரியாம எழுந்துட்டேங்க. எழுந்தது நான்தான், ஆனா உக்கார வைக்கற அதிகாரம் எனக்கில்லை” என்றார்.

உதவி நிறுவனத்துக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். மனிதருக்கும் காட்டுயிருக்கும் இடையே ஒரு மோதலாவது இருந்தால்தான் அவர்கள் திட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகுமாம். இத்தனை நாளாகத் தேடியும் கிடைக்காத மோதல் என் மகள் கல்யாணத்தில் கிடைத்துவிட்டது. துறை மேலதிகாரியிடம் நிறுவனமே பேசி விசேஷ அனுமதி வாங்குவதாகவும், கல்யாணத்தை ‘இணக்க வாழ்வு மாதிரித் திருமணம்’ என்று நடத்துவதாகவும் அந்த அம்மா சொன்னார். நிபந்தனைகள் சில உண்டு. நான் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன். தாங்களும் தலையாட்ட வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

மணி அடிக்கக் கூடாது, இசைப்பெட்டி வாசிக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. விருந்தினர் இரு பக்கமும் சேர்த்து ஒரு பேருந்துக்குள் அடங்க வேண்டும். எல்லோரும் துணிச் செருப்பு அணிய வேண்டும். சம்பந்தியம்மா அவர்களுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பில் இருக்கும் பிரியம் தெரியும், மன்னிக்க வேண்டும். வாசனைத் தைலம் கூடாது. மாப்பிள்ளையின் கறுப்பு உடுப்புக்கு வவ்வால்கள் தரப்பில் மறுப்பு இல்லை. முன்வரிசையில் தாங்கள் உட்கார வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் வெளிநாட்டு விருந்தினர்கள் உட்காருவார்கள், தங்களுக்குத் தூணுக்குப் பின்னால் நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கியிருக்கிறேன். மணமக்கள் ‘சம்மதம்’ என்று உரக்கச் சொல்லாமல் தலையாட்டினால் போதுமாம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எப்படியும் அதைத்தான் செய்யப்போகிறார், முதல் நாளே பழகினால் நல்லதுதானே. சபையார் யாரும் கைதட்டாமல் இரு கைகளையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். அதற்கும் ஒரு பயிற்சிப் பட்டறை இருக்கிறது.

சம்பந்தி, என் மானம் மரியாதை எல்லாம் போகட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. என் மகளுக்குத் தங்கள் பையனைப் பிடித்திருக்கிறது. அவன் தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் சிரிக்கிற சிரிப்பை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறேன். அது நின்றுபோனால் எனக்குத் தாங்காது. ஆகையால் தாங்கள் பெரிய மனதோடு மேற்கண்ட நிபந்தனைகளை ஏற்று, அழைப்பிதழை அச்சடிக்க உத்தரவு கொடுக்க வேண்டும். அழைப்பிதழின் தலைப்பில் மூன்று சின்னங்களும் ஒரே அளவில் வர வேண்டும் என்பதையும் அச்சகத்தாரிடம் மறக்காமல் சொல்லவும்.

சம்பந்தியம்மா அவர்களுக்கு எங்கள் பணிவான ஸ்தோத்திரம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் மைத்துனி அவர்களுக்கும் எங்கள் அன்பு, அவர் இனி எந்த ஆராதனையிலும் ஆமென் சொல்லும்வரை இருக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு. சமாதானத்தின் தேவன் நம் இரு வீட்டாரோடும் இருப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருக்கும் எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். எழுதி முடித்து உறையை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது, மகள் இந்தக் கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். அன்று அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டது அழுவதற்காக இல்லையாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அவனும் தங்களிடம் விளக்கினானாம், தாங்கள்தான் பையன் பெண்ணுக்காக மழுப்புகிறான் என்று நம்பவில்லையாம்.

“அப்பா, நீங்க துறைக்குச் சரின்னீங்க, நிறுவனத்துக்குச் சரின்னீங்க, போதகருக்குச் சரின்னீங்க, வவ்வாலுக்கும் சரின்னீங்க. கல்யாணம் எனக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள். “சரிம்மா, இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?” என்றேன். “கோயிலுக்குப் பின்னால அந்தப் பெரிய மரத்தடி போதும்பா. அவருக்கும் அதுதான் ஆசை” என்றாள்.

போதகர் ஐயா வீட்டுக்கு ஓடினேன். சபையின் வளாகம் எல்லாமே ஆலயம்தான், அங்கே தாராளமாக நடத்தலாம் என்றார். அலுவலர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஆட்சேபித்தது கட்டடத்துக்குள் நடக்கும் கல்யாணத்தை, மரத்தடியை அல்ல. ஆகவே எதையும் வாபஸ் வாங்கவே தேவையில்லை என்று அவரே கண்டுபிடித்து, என்னைக் கட்டிக்கொண்டார். வரும் ஞாயிறு புது இடத்தைச் சொல்லி மறுபடி அறிவிப்பு வாசிக்கப்படும். அந்த நேரத்தில் வெளிவாசலுக்கு அப்பால் போய் நின்றுகொள்வதாக அவர் சத்தியம் செய்திருக்கிறார். கல்யாணத்துக்கு மனைவியோடு வரலாமா என்று கூச்சத்தோடு கேட்டார், வாருங்கள் என்றேன். ஆகவே தாங்கள் முன்வரிசையிலேயே உட்காருங்கள். எத்தனை உறவினர் உண்டோ அத்தனை பேரையும் அழைத்து வாருங்கள். சம்பந்தியம்மா எந்தச் செருப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த மரத்துப் பொந்தில் ஒரு மரங்கொத்தி ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. மகள்தான் காட்டினாள். இந்த வகை மரங்கொத்தியை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. குஞ்சுகள் பயப்படுமே என்று என் மனைவி அன்றைக்கு மெல்லிய குரலில் பாடுவதாக, யாரும் கேட்காமல் அவளாகவே சொல்லியிருக்கிறாள். படைப்புப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் இதை உடனே மூன்று தரப்புக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப் போவதில்லை. எனக்கு அந்தக் குஞ்சுகள் பிழைக்க வேண்டும், என் மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். நாளைக்கு அந்த அம்மா பலகையைப் படமெடுக்க வருகிறார், நான் அவரை முன்வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்திவிடுவேன். தாங்களும் கல்யாணத்தன்று தவறிக்கூட அண்ணாந்து பார்க்க வேண்டாம். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.